ஆமாம் என்றால் இரண்டு முறை

டங்கனிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லமாட்டான். கெட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வேறு யாராவது குடிக்கிறார்களா, பால் எப்போது திறந்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "பாதி கப்" என்பான். தொழில் சர்வேயர். அளக்காமல் எதையும் நம்பமாட்டான், கேட்ட கேள்விக்கு அச்சுப் பிசகாமல்தான் பதில் சொல்வான். இவனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் குப்பை கொட்டியதற்கு எனக்கு யாராவது ஒரு மெடல் கொடுக்கலாம்.

ஆனால் அவனோடு ஒரே கயிற்றில் மலையேறலாம். முடிச்சு போட்டால் அது முடிச்சு. அவசரப்படமாட்டான், பதறமாட்டான். பனிப்பிளவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு எனக்கு இருக்கிறது, நான் உள்ளே விழுந்தால் இழுத்துப் பிடிக்கிற கனம் அவனிடம் இருக்கிறது. அதனால் முன்னால் போவது எப்போதும் நான், பின்னால் வருவது அவன். எங்களுக்கு அப்படித்தான் பழகிப்போயிற்று.

அந்த ஜனவரியில், எங்கள் நாட்டில் அது கோடை, ஹால்டேன் குடிலில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பாறை முகட்டின் மேல் இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டிய தகரப் பெட்டி அது. கயிறும் பனிக்கோடாரியும் பிடித்துப் பழகியவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் டங்கனும் ஒரு ஜோடி, ரேவியும் ஆல்பியும் இன்னொரு ஜோடி. ரேவி ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலை செய்கிறவன். குனியாமல் குடில் கதவைத் தாண்ட முடியாத உடம்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா அக்கா என்று உயிரை எடுப்பான். ஆல்பி கீழே டிமாரு நகரத்தில் பல் டாக்டர். அவன் பேசுவதே அபூர்வம். "வாயத் தெறக்கறது அவன்கிட்ட வர்றவங்க வேல," என்று ரேவி சொல்வான்.

முதலில் என் முட்டி போயிற்று. வெயில் ஏறிய பிறகு குடிலுக்குக் கீழே இருக்கிற சரிவில் இறங்காதீர்கள், கல் உருளும் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் நான். அன்றைக்கு நானே வெயில் ஏறிய பிறகு இறங்கினேன். உருண்டு வந்து முட்டியில் பட்டது ஆரஞ்சுப் பழம் அளவு கல்தான். மாலைக்குள் முட்டி பூசணிக்காய் ஆகிவிட்டது.

ரேவியின் கதை அதைவிடக் கேவலம். பனியின் கூச்சம் தாக்காமல் போடுகிற கறுப்புக் கண்ணாடியை வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டு சாக்ஸ் உலர்த்தப் போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கியா அதை அலகில் கவ்விக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மலைக்கிளிகள் பூட்ஸ் நாடாவிலிருந்து கூடாரம் வரைக்கும் எதையும் விட்டுவைக்காது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரேவி கல்லை எடுத்து ஓங்கினான், கிளி கண்ணாடியோடு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. அன்று முழுக்க அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பனியில் சுற்றினான். பொழுது சாய்வதற்குள் கண் இரண்டும் மிளகாய்ப்பொடி போட்டதுபோல எரிகிறதென்று கத்த ஆரம்பித்தான். ஆல்பி ஒரு வார்த்தையும் பேசாமல் ஈரத்துணி வைத்துக் கட்டிவிட்டான்.

"வழி கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்திக்கு முட்டி இல்ல, ஒருத்தனுக்குக் கண்ணு இல்ல," என்றேன். "மிச்சம் இருக்கறது ஒரு சர்வேயரும் ஒரு பல் டாக்டரும்."

"பரவால்லக்கா. இவன் மலைய அளப்பான், அவன் அதுக்குப் பல்லு கட்டுவான்," என்றான் ரேவி.

ஏழு மணிக்கு ரேடியோ நேரம். கீழே கிராமத்து அலுவலகத்தில் நோலீன் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு குடிலாகக் கூப்பிடுவார். யார் இருக்கிறார்கள், நாளைக்கு எங்கே போகிறார்கள், அவ்வளவுதான். பிறகு வானிலை. ஒரு குடிலில் பேசுவது அந்த மலைத்தொடரில் இருக்கிற எல்லாக் குடில்களுக்கும் கேட்கும், அதனால் வீட்டுச் சமாச்சாரத்தை யாரும் அங்கே எடுப்பதில்லை.

அன்று நோலீன் கில்ரே குடிலைக் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். முந்தின நாளும் அப்படித்தான்.

"ஹால்டேன், கேக்குதா? கில்ரேல ஆங்கஸ் லெய்ட்லான்னு ஒருத்தர் தனியா இருக்கணும். நேத்திலருந்து சத்தமே இல்ல. ரேடியோ செத்துப்போச்சோ என்னவோ தெரியல. அவங்க அக்கா இங்க வந்து என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. மேகம் இறங்கி இருக்கு, ஹெலிகாப்டர் வராது. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் காத்து அடிக்காதுங்கறாங்க. உங்க பிளான் என்ன?"

போய்ப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார். ஒரு குடிலில் சத்தம் இல்லையென்றால் அடுத்த குடிலில் இருப்பவர்கள் போய்ப் பார்ப்பார்கள். எந்தப் பலகையிலும் எழுதிவைக்காத வழக்கம் இது, முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் என் முட்டியைப் பார்த்தார்கள், பிறகு ரேவியின் கட்டுப் போட்ட கண்களைப் பார்த்தார்கள். டங்கன் மைக்கை எடுத்தான்.

"நானும் ஆல்பியும் போறோம்."

நோலீன், "பேசறது டங்கன்தானே?" என்று கேட்டார். அவன் இத்தனை சுருக்கமாகப் பேசி அவரும் கேட்டதில்லை.

மைக்கை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நீ முன்னால போனதே கிடையாதே டங்கன்."

"ஒரு தடவ போயிருக்கேன்."

"எப்ப?"

"நீ பூட்ஸ் லேஸ் கட்ட நின்னியே, அப்ப. நாப்பது மீட்டர் இருக்கும்."

கத்தலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கில்ரேக்குப் போகிற வழியில் கணவாய்வரை பனிவெளி, அது பரவாயில்லை. அதற்கு அந்தப் பக்கம் இறங்குவதுதான் ஆபத்து. பனியாறு உடைந்து உடைந்து தொங்குகிற இடம். பிளவுகளின் மேல் புதுப்பனி மூடி, வெள்ளைத் துணி விரித்ததுபோல இருக்கும். நான் அதை மூன்று நான்கு முறை கடந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வாய் உலர்ந்துதான் கடந்திருக்கிறேன்.

விடிந்ததும் கிளம்பினார்கள். நான் ஒற்றைக்காலில் வாசலில் நின்று அவன் இடுப்பு முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"பனி லேசா குழிஞ்சு தெரிஞ்சா..."

"தெரியும்."

"கோடாரியால குத்திப் பாக்காம கால வைக்காத."

"தெரியும் ஹெஸ்டர்."

"தெரிஞ்ச மாதிரி பேசாத. ஆல்பி, இவன் நின்னு எதையாவது அளக்க ஆரம்பிச்சா பின்னாலருந்து ஒரு உத குடு."

ஆல்பி தலையசைத்தான். டங்கன் என் தொப்பியின் மேல் ஒரு முத்தம் வைத்துவிட்டு நடந்தான். கணவாயில் இரண்டு புள்ளிகளாக ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் போன புள்ளி அவன்தான், அவ்வளவு மெதுவாக வேறு யாரும் போகமாட்டார்கள்.

சாயங்காலம் வரும் என்ற காற்று மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டது. வடமேற்குக் காற்று எங்கள் ஊரில் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதலில் கம்பிகள் முனகின. பிறகு பனி பக்கவாட்டில் பறக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. அவர்கள் அப்போது சரியாக அந்த உடைந்த பனியாற்றில் இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரேவிக்கும் தெரியும்.

ஏழு மணிக்கு நோலீன் கில்ரேயைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

"குழி தோண்டி உள்ள படுத்திருப்பாங்க," என்றான் ரேவி. "ஆல்பிக்குக் குழி தோண்டறது கைவந்த கல. தெனமும் அதானே பண்றான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை.

பயந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கோபமும் சேர்ந்து வந்தது. வானிலை சொன்னவன் மேல், உருண்டு வந்த கல் மேல், கியா மேல், தனியாக மலையேறி வந்த அந்த ஆங்கஸ் மேல். தனியாக வருகிறவனை நம்பி எங்கேயோ ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறாள், இங்கே ஒரு பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், இவனுக்கு என்ன வந்தது என்று திட்டினேன். பேர் சொல்லித் திட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். காற்று என்னைத் தூக்கி உள்ளேயே போட்டது. ரேவி தடவிக்கொண்டு வந்து கதவை உடம்பால் தள்ளிச் சாத்தினான்.

"எங்க கெளம்பிட்ட?"

"பாத்துட்டு வரேன்."

"ஒத்தக் கால்லயா? அப்பறம் உன்னத் தேடி நான் வரணும், கண்ணக் கட்டிக்கிட்டு. என்னத் தேடி நோலீன் வரணும், செருப்பு போட்டுக்கிட்டு. உக்காருக்கா."

உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வெளியே கழிப்பறைக்குப் போகக்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, அவன் என்னைத் தாங்க, நான் அவனுக்கு வழி சொல்ல. போய்வர அரை மணி நேரம் பிடித்தது. "இத ஊர்ல யாருகிட்டயும் சொல்லாத," என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினேன், இரண்டு பேரும் தொடவில்லை. பனியை அள்ளிப் போட்டு உருக்கினேன், அதையாவது செய்துகொண்டிருக்கலாம் என்று.

அன்று மாலையும் கில்ரேயிலிருந்து குரல் இல்லை. ரேடியோவில் ஏதோ இரைச்சல்தான் வந்தது. புயல் நேரத்தில் அது சகஜம். நோலீன், "கில்ரே, ஒண்ணும் கேக்கல," என்று சொல்லிவிட்டு அடுத்த குடிலுக்குப் போனார். அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

அதற்கும் மறுநாள் காற்று கொஞ்சம் தணிந்தது, மேகம் விலகவில்லை. ரேவி ரேடியோவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான், கண்ணில் கட்டு அப்படியே இருந்தது. ஏழு மணிக்கு நோலீன் வந்தார். கில்ரேயைக் கூப்பிட்டார். இரைச்சல் வந்தது. "ஒண்ணும் கேக்கல," என்றார். திரும்பக் கூப்பிட்டார். திரும்ப அதே இரைச்சல்.

"கில்ரே, ஒண்ணும் கேக்கல. அடுத்து..."

ரேவி எழுந்து உட்கார்ந்தான். "அக்கா, மைக்க எடு. நோலீன நிறுத்து."

"என்ன?"

"அந்த எரச்சல் மத்த குடிலக் கூப்புடறப்ப வரல. கில்ரேன்னு சொன்னா மட்டும்தான் வருது. நேத்தும் அப்பிடித்தான். கண்ணு தெரியாதவனுக்கு வேற என்ன வேல, கேட்டுக்கிட்டேதான இருக்கேன்?"

நான் மைக்கைப் பிடுங்கி அதையே சொன்னேன். நோலீன் மறுபடி கில்ரேயைக் கூப்பிட்டார். இந்த முறை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒரு சின்ன 'டிக்', பிறகு ஷ்ஷ் என்ற இரைச்சல். அது நின்றபாடில்லை. போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனுஷன் நாலு வரி பேசி முடித்திருப்பான். அது இன்னும் போய்க்கொண்டிருந்தது. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"டங்கன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரேவி, அது டங்கன். பேசிட்டு இருக்கான். காத்து எந்தப் பக்கம், பனி எவ்வளவு ஆழம், எல்லாம் சொல்லிட்டு இருக்கான். வேற எவன் இவ்வளவு நேரம் பேசுவான்?"

ரேவி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். இரைச்சல் ஒருவழியாக நின்று, கடைசியில் ஒரு 'டிக்' வந்தது. மைக்கில் எங்கேயோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பட்டனை அழுத்துவது மட்டும் எங்களுக்கு எட்டுகிறது, குரல் எட்டவில்லை. இரண்டு நாளாக, நோலீன் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லச் சொல்ல, அந்த மனுஷன் விடாமல் முழு அறிக்கையையும் முதலிலிருந்து வாசித்திருக்கிறான்.

நோலீன் சட்டென்று புரிந்துகொண்டார். அதட்டல் திரும்ப வந்திருந்தது. "டங்கன், பேசறத நிறுத்து. நீ பேசறது எங்களுக்குக் கேக்கல, பட்டன் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஆமான்னா ரெண்டு தடவ அழுத்து. இல்லன்னா ஒரு தடவ. புரிஞ்சுதா?"

டிக், டிக்.

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, பார்க்கிற கண் அந்தக் குடிலில் என்னுடையது மட்டும்தான். ரேவி கையைத் துழாவி என் தலையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.

"பேசறது டங்கன்தானே?"

டிக், டிக்.

நோலீன் அடுத்த கேள்விக்கு மூச்சு விடுவதற்குள் நான் மைக்கை அழுத்திவிட்டேன். முறைப்படி அது தப்பு, அவர்தான் கேட்க வேண்டும். "டங்கன், நான்தான். அங்க ரெண்டு பேர் இருக்கீங்களா?"

டிக்.

ஒன்று. நாங்கள் இரண்டாவதுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

ரேவியின் கை என் தலையிலிருந்து இறங்கியது. அவனும் ஆல்பியும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரே கயிற்றில் ஏறுகிறவர்கள். "திருப்பிக் கேளு," என்றான். அது அவன் குரலாகவே இல்லை.

"டங்கன், சரியாக் கேட்டுக்கோ. நீங்க ரெண்டு பேரா இருக்கீங்களா?"

டிக்.

இந்த முறை இன்னும் அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடம் இல்லாமல். எல்லாக் குடில்களும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆல்பிக்கு ஒரு பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். நான் ரேவியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டவ்வைப் பார்த்தேன். பின்னாலிருந்து உதை கொடு என்று நான்தானே அவனிடம் சொன்னேன் என்று தேவையில்லாமல் ஞாபகம் வந்தது.

அப்போது ரேடியோவில் வேறொரு குரல் வந்தது. பழக்கமில்லாத பெண் குரல். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் மிக நெருக்கத்தில் பேசியது.

"மன்னிக்கணும். நான் மோராக். ஆங்கஸோட அக்கா. நான் பேசலாமான்னு தெரியல. மூணு பேரான்னு... மூணு பேரான்னு கேக்கறீங்களா?"

நோலீன் மெதுவாகக் கேட்டார். "டங்கன், அங்க மொத்தம் மூணு பேர் இருக்கீங்களா?"

டிக், டிக்.

"மூணு பேரும் உசிரோட?"

டிக், டிக்.

ரேவி போட்ட கூச்சலில் கூரையிலிருந்து ஏதோ சரிந்து விழுந்தது. நான் சிரித்தேன், அழுதேன், அந்தக் குடிலில் இருந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் டங்கனுக்குக் கொடுத்தேன். மூன்று பேர் இருக்கிறார்கள், நான் இரண்டு பேரா என்று கேட்டேன், அவன் இல்லை என்றான். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் இல்லை என்றான். அந்த ஆள் கையில் கிடைத்தால் பனிக்கோடாரியால்தான் பேச வேண்டும். ஆனால் எங்கள் யாருக்கும் அந்த மூன்றாவது ஆள் ஞாபகத்துக்கு வரவில்லை என்பதும் நிஜம். அவனைத் தேடித்தான் போனார்கள். அவனுக்கென்று அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்திதான் அவனையும் சேர்த்து எண்ணினாள். நான் அவனைப் பேர் சொல்லித் திட்டியதை நினைத்து எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு நோலீன் ஒரு டாக்டரைப் போலக் கேட்டுக்கொண்டே போனார். டங்கனும் ஆல்பியும் நலமா, ஆமாம். ஆங்கஸுக்கு அடியா, ஆமாம். தலையிலா, இல்லை. கையிலா, இல்லை. காலிலா, ஆமாம். எலும்பு முறிவா, ஆமாம். நீங்கள் போய்ச் சேருகிறவரை எழுந்து ரேடியோவுக்கு வர முடியாமல் படுத்தே கிடந்தாரா, ஆமாம். ரத்தம் போகிறதா, இல்லை. சாப்பாடு இருக்கிறதா, ஆமாம். காலை விடிந்து மேகம் விலகினால் முதல் வேலையாக ஹெலிகாப்டர் வரும் என்றார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. மூன்று நாளாக நான் தோள்களைக் காது வரைக்கும் தூக்கி வைத்திருந்திருக்கிறேன், அது இறங்கும்போதுதான் தெரிந்தது. பசித்தது. மைக்கைப் பிடித்த கை போக மற்றக் கையால் பாலாடைக்கட்டியை அப்படியே கடித்துத் தின்றேன்.

"நோலீன், நான் ஒண்ணு கேக்கணும்," என்று ரேவி மைக்கைத் தடவி வாங்கினான். "ஆல்பி, மைக்க நீ வாங்கு. கால் ஒடஞ்சவனோட பல்லெல்லாம் பாத்துட்டியா?"

டிக், டிக். இது டங்கனுடைய அழுத்தம் இல்லை. லேசாக, சட்டென்று.

"காசு கேட்டியா?"

டிக். எல்லாக் குடில்களிலும் சிரித்திருப்பார்கள். ரேவியின் கட்டுக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. கண் எரிகிறது என்றான்.

மோராக் மறுபடி பேசினாள். இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. "ஒரே ஒரு உதவி. ஆங்கஸ் அவனே அழுத்த முடியுமா? உங்கள நம்பாம இல்ல. அவன் கை பட்ட சத்தம் கேக்கணும், அவ்வளவுதான்."

காத்திருந்தோம். கில்ரே குடிலில் படுக்கைப் பலகைவரை மைக் ஒயர் எட்டாது, ஆளைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நோலீன் அவசரப்படுத்தவில்லை. கம்பிகளில் காற்று முனகுவதைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வந்தது. டிக். நடுவில் ஒருவன் மூச்சு வாங்குகிற நேரம். டிக்.

"சரிடா," என்றாள் மோராக். "சரி. போதும். போய்ப் படு." மைக்கை வைக்க அவளுக்குத் தெரியவில்லை. அவள் அழுவது கொஞ்ச நேரம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, பிறகு நோலீன் அதை அவள் கையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

"ஹெஸ்டர், கண்ணு, கில்ரே பேட்டரி எவ்வளவு தாங்கும்னு தெரியாது," என்றார் நோலீன். "நீ ஒண்ணு ரெண்டு கேட்டுக்கோ. வச்சிரலாம்."

மைக் என் கையில் இருந்தது. என் புருஷன் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. கேட்க ஆயிரம் இருந்தது. திட்டவும் ஆயிரம் இருந்தது, மலை முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை என்று திட்டத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"டங்கன், பனியாத்துல முழுக்க நீதான் முன்னால போனியா?"

டிக், டிக்.

அந்தக் காற்றில், அந்த வெள்ளையில், ஒரு அடி ஒரு அடியாகக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு அவன் போயிருப்பதை நான் பார்த்தேன். எங்காவது குழி தோண்டிப் படுத்து, விடிந்ததும் எழுந்து மறுபடி அதையே செய்திருப்பான். நானாக இருந்திருந்தால் வேகமாகப் போயிருப்பேன். வேகமாகப் போயிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"பயமா இருந்துச்சா?"

பதில் உடனே வரவில்லை. ரேவி தலையைத் திருப்பினான். டங்கன் அங்கே யோசிக்கிறான், எவ்வளவு பயம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று. அதையெல்லாம் சொல்ல அவனுக்கு வழியில்லை.

டிக், டிக்.

"எனக்கும்தான்," என்றேன். "ரொம்ப."

மைக்கை வைக்கப் போனேன். அப்போது ரேடியோவில் இரண்டு 'டிக்' கேட்டது. கில்ரே இல்லை, இது பக்கத்திலிருந்து வருவதுபோலத் தெளிவாக இருந்தது. நான் ரேவியைப் பார்த்தேன். அவன் கை மடியில் இருந்தது. திரும்ப இரண்டு, வேறு இடத்திலிருந்து. பிறகு இன்னொரு இரண்டு. மலைத்தொடர் முழுக்க, நான் ஏறிய குடில்களும் ஏறாத குடில்களும், பேர் தெரியாத யார் யாரோ ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இரண்டு முறை அழுத்தினார்கள். ரேவி கையை நீட்டி, என் விரல் மேலேயே தன் கட்டைவிரலை வைத்து, இரண்டு முறை அழுத்தினான்.

அலைவரிசையை வீணாக்காதீர்கள் என்று எப்போதும் சத்தம் போடுகிற நோலீன் எல்லாம் அடங்குகிறவரை காத்திருந்தார். பிறகு அவரும் இரண்டு முறை அழுத்திவிட்டு, மறுநாள் வானிலையை வாசித்தார். காலையில் மேகம் விலகும் என்றார்.